ஒல்லிப் பர்ஸுக்கு ஒரு பிரெஞ்சு நகரம்

பாரிஸின் 'கார் து நோர்' ரயில் நிலையம் இடம் போதாமல் திணறியது. 1860-களில் அதை இடித்துப் பெரிதாகக் கட்டினார்கள். பழைய முகப்பை மட்டும் கல் கல்லாகக் கழற்றி, வடக்கே இருநூறு கிலோமீட்டர் தாண்டி இருக்கும் லீல் நகரத்துக்கு அனுப்பிவைத்தார்கள். லீல்காரர்கள் முகம் சுளிக்கவில்லை. அதன் தலையில் இன்னொரு மாடியை ஏற்றி, ஒரு பெரிய கடிகாரத்தையும் மாட்டி, தங்கள் நிலையத்துக்கு வாசலாக்கிக்கொண்டார்கள். 'லீல் ஃப்ளாந்த்ர்' நிலையத்தில் இறங்கி, வெளியே வந்து திரும்பிப் பார்த்தால், பாரிஸ் கழித்துக்கட்டிய அந்த முகப்பு இன்றும் கம்பீரமாக நிற்கிறது.

பிரான்ஸ் போகிறேன் என்று யாராவது சொன்னால் ஐஃபில் கோபுரம், லூவ்ர், படகுச் சவாரி என்று பட்டியல் தயாராகிவிடும். கூடவே பில்லும். யூரோ ஒன்றுக்கு ஏறக்குறைய நூறு ரூபாய் என்ற கணக்கில், பாரிஸ் ஓட்டலில் ஒரு காபி குடிக்கும்போதே கை நடுங்கும். அங்கிருந்து அதிவேக ரயிலில் ஒரே மணி நேரத்தில் இருக்கும் லீல் பக்கம் நம்மவர்கள் அதிகம் எட்டிப்பார்ப்பதில்லை. பெல்ஜிய எல்லையை ஒட்டிய, தொழிலாளர்களும் மாணவர்களும் நிறைந்த ஊர். குறைந்த செலவில் சுற்ற இதைவிட நல்ல இடம் அந்தப் பக்கத்தில் எனக்குத் தெரிந்து இல்லை. விலை மட்டும் காரணமில்லை. இந்த ஊரின் சுவையான சாப்பாடு, பெரிய திருவிழா, நல்ல பொழுதுபோக்கு எல்லாமே கூலி வாங்கிப் பிழைத்தவர்களின் சட்டைப்பைக்கு ஏற்றபடி உருவானவை. இங்கே சிக்கனமாக இருப்பவர் எதையும் விட்டுக்கொடுப்பதில்லை. சொல்லப்போனால், பணத்தை வாரி இறைப்பவர்தான் ஊரைப் பார்க்காமல் திரும்புகிறார்.

முதலில் வழிச் செலவு. ஷெங்கன் விசாவுக்கு இப்போது 90 யூரோ. அதில் பெல்ஜியமும் அடக்கம் என்பதால் பிரஸ்ஸல்ஸில் இறங்கியும் வரலாம். யூரோஸ்டாரில் வெறும் முப்பத்தைந்து நிமிடம். லண்டனிலிருந்தும் ஒன்றரை மணி நேரத்துக்குள் ரயில் உண்டு. ஆனால் அதற்கு பிரிட்டன் விசா தனி. ரயில் டிக்கெட்டைக் கடைசி நேரத்தில் எடுத்தால் விலை விமான டிக்கெட் மாதிரி எகிறும். சில வாரங்கள் முன்பே எடுப்பவர் தப்பிப்பார். பாரிஸிலிருந்து பஸ் இன்னும் மலிவு. மூன்று மணி நேரம் ஆகும்.

அதிவேக ரயில் இந்த ஊர் வழியாக வளைந்து போனதே ஒரு சண்டையின் பலன். 1973 முதல் 2001 வரை மேயராக இருந்த பியேர் மோருவா, நடுவில் பிரான்ஸின் பிரதமராகவும் இருந்தவர். பாரிஸ் - லண்டன் தடம் லீலைத் தொடாமல் போய்விடக் கூடாது என்று மல்லுக்கட்டி, அதை ஊருக்கு நடுவிலேயே கொண்டுவந்தார். நூற்பாலைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த காலம் அது. ரயில் வந்தது, புதிய நிலையம் எழும்பியது. ரெம் கூல்ஹாஸ் என்ற டச்சுக் கட்டடக் கலைஞர் வரைந்த திட்டப்படி அதைச் சுற்றிக் கண்ணாடியும் கான்கிரீட்டுமாக 'யூராலீல்' என்ற வணிக வளாகமும் முளைத்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. எந்த நாட்டு விமான நிலையத்துக்குப் பக்கத்திலும் அதை வைக்கலாம். யாயோய் குசாமா செய்த ராட்சச துலிப் பூக்கள் வாசலில் நிற்கின்றன. அவற்றை ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

தங்குவதற்கு ஸ்தெஃபான் ஹெசல் பெயரில் ஒரு பெரிய இளைஞர் விடுதி இருக்கிறது. நாஜி எதிர்ப்புப் போராளியாக இருந்து, தொண்ணூறு வயதைத் தாண்டிய பிறகு 'கோபப்படுங்கள்' என்று ஒரு சிறு நூல் எழுதி ஐரோப்பாவையே உலுக்கியவர் அவர். பெயர்தான் இளைஞர் விடுதி. நடுத்தர வயதுக்காரர்களையும் வரவேற்கிறார்கள். குடும்பமாகப் போகிறவர்கள், மெட்ரோ நிலையம் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு புறநகரில் அறை எடுக்கலாம். ஊரே சிறியது. மையப் பகுதியை நடந்தே முடித்துவிடலாம்.

உருளைக்கிழங்கு ராஜ்யம்

சாப்பாட்டில்தான் லீலின் சுயசரிதை இருக்கிறது. சந்துமுனைகளில் 'ஃப்ரித்தரி' என்ற வறுவல் கடைகளைப் பார்க்கலாம். சில கடை, சில வெறும் வேன். விரல் பருமனுக்கு நறுக்கிய உருளைக்கிழங்கை முதலில் மிதமான சூட்டில் வேக விட்டு எடுத்து ஆற வைப்பார்கள். நாம் கேட்ட பிறகுதான் கொதிக்கிற கொழுப்பில் இரண்டாவது முறை விழும். கம்பிக் கூடையை ஒரு உலுக்கு உலுக்கிக் காகிதக் கூம்பில் கொட்டி, உப்பைத் தூவி, என்ன சாஸ் என்று கேட்பார்கள். ஒரு டஜனுக்குக் குறையாமல் சாஸ் வகைகள் வரிசையாக இருக்கும். 'சமுராய்' கேளுங்கள், கொஞ்சம் காரம் உண்டு. மேலே மொறுமொறுவென்றும் உள்ளே மாவாகவும் இருக்கும் அந்தக் கூம்பு மூன்றிலிருந்து ஐந்து யூரோவுக்குள் முடிந்துவிடும். பெரியது வாங்கினால் மதியச் சாப்பாடே தேவைப்படாது. அதுவும் போதாதவர்களுக்கு 'அமெரிக்கேன்' இருக்கிறது. நீள ரொட்டியைப் பிளந்து, இறைச்சியை வைத்து, அதன்மேல் வறுவலையும் திணித்துத் தருவார்கள். ஷிப்ட் முடிந்து பசியோடு வரும் தொழிலாளிக்கென்றே செய்த பண்டம்.

சைவர்கள் கவனிக்க: இந்த வறுவலை மரபாகப் பொரிப்பது மாட்டுக் கொழுப்பில். தாவர எண்ணெய் பயன்படுத்தும் கடைகளும் உண்டு. கேட்டுவிட்டு வாங்குங்கள். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். சைவம் வேண்டியவர்களுக்குப் பாலாடைக்கட்டிதான் துணை. மாருவால் என்ற உள்ளூர்ச் சீஸ் நாற்றத்தில் பேர்போனது. அதை வைத்துச் சுட்ட 'தார்த்' அடுப்பிலிருந்து வெளியே வரும்போது நாற்றம் அடங்கி ருசி மட்டும் மிஞ்சியிருக்கும்.

உட்கார்ந்து சாப்பிட 'எஸ்தமினே' என்ற பழைய பாணி மதுக்கடை உணவகங்கள் இருக்கின்றன. தாழ்ந்த உத்தரம், மர மேசை, சுவரெல்லாம் பழைய தகர விளம்பரம். அங்கே ராஜா 'கார்பொனாத்'. விலை குறைந்த, மெல்ல முடியாத மாட்டிறைச்சித் துண்டுகளை வெங்காயத்தோடு பீரில் போட்டு மணிக்கணக்கில் வேக விட்டு, பழுப்புச் சர்க்கரையும் மசாலா ரொட்டியும் சேர்த்துக் கெட்டியாக்கிய குழம்பு. ஒயின் விளையாத நாடு, நல்ல கறி வாங்க வக்கில்லாத வீடு - இரண்டும் சேர்ந்து கண்டுபிடித்த பக்குவம். 'வெல்ஷ்' இன்னொரு வகை. ரொட்டித் துண்டின்மேல் பீரில் உருக்கிய செடார் சீஸை ஊற்றிக் கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவருவார்கள். உள்ளே பன்றி இறைச்சி இருக்கும், வேண்டாதவர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும். இவை பதினைந்து, இருபது யூரோ ஆகும். பயணத்தில் ஒரு வேளை அந்தச் செலவைச் செய்யத்தான் வேண்டும். இரவைவிட மதியத்தில் 'ஃபோர்முல்' என்ற கூட்டு விலையில் மலிவாகச் சாப்பிடலாம். தண்ணீர் பாட்டில் வாங்காதீர்கள். சாப்பிடுகிறவருக்குக் குழாய்த் தண்ணீரை ஜாடியில் இலவசமாகத் தர வேண்டும் என்பது அங்கே சட்டம். மதியம் இரண்டு மணிக்கு மேல் போய் நின்றால் அடுப்பை அணைத்திருப்பார்கள். அப்போது திரும்பவும் வறுவல் கடைதான் கதி.

காபியில் சிக்கரி கலக்கும் பழக்கம் நமக்குப் புதிதல்ல. பிரான்ஸில் அதன் தாய்வீடு இந்த வட மாகாணம்தான். நெப்போலியன் காலத்தில் கடல் வணிகம் முடங்கிக் காபிக்கொட்டைக்குத் தட்டுப்பாடு வந்தபோது, வறுத்த சிக்கரி வேர் அதன் இடத்தைப் பிடித்தது. பிறகு காபி வந்தும், விலை கட்டாத வீடுகளில் சிக்கரி தங்கிவிட்டது. லீலுக்குத் தெற்கே ஓர்ஷி என்ற சிற்றூரில் அதைத் தயாரிக்கும் பெரிய ஆலை இன்றும் ஓடுகிறது. ஃபில்டர் காபி குடித்து வளர்ந்த நாக்கு அங்கே ஒரு சிக்கரி ஐஸ்கிரீமைச் சுவைத்தால் உடனே அடையாளம் கண்டுகொள்ளும்.

ஞாயிற்றுக்கிழமையின் அருமை

லீலுக்குப் போவதென்றால் ஒரு மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அங்கே இருக்கும்படி திட்டமிடுங்கள். அன்று நகராட்சி அருங்காட்சியகங்களுக்குக் கட்டணம் இல்லை.

காலையில் வாஸெம் சந்தை. செவ்வாய், வியாழன், ஞாயிறு என வாரம் மூன்று நாள் கூடும் சந்தையில் ஞாயிறுதான் பெரிது. ஒரு காலத்தில் ஆலைத் தொழிலாளர் பேட்டை. பிறகு வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள் குடியேறினார்கள். அதனால் ஒரு பக்கம் பிரெஞ்சுக்காரர் சீஸ் வெட்டிக்கொண்டிருப்பார், எதிரில் மொரோக்கோ ஆலிவும் புதினாக் கட்டும் குவிந்திருக்கும். கம்பியில் சுழலும் கோழியின் கொழுப்பு சொட்டுச் சொட்டாகக் கீழே இருக்கும் உருளைக்கிழங்கின்மேல் விழும். அந்த உருளைக்கிழங்கையும் தனியாக விற்கிறார்கள், விட்டுவிடாதீர்கள். ஒரு மணியை நெருங்கும்போது வியாபாரிகளின் குரல் ஏறும், விலை இறங்கும். பெட்டி பெட்டியாகப் பழங்களைத் தள்ளிவிடுகிற நேரம் அதுதான். பக்கத்திலேயே பழைய நூற்பாலை ஒன்று கலைக்கூடமாகியிருக்கிறது. 2004-ல் லீல் ஐரோப்பியக் கலாசாரத் தலைநகரமாக இருந்தபோது இப்படிப் பல ஆலைகளுக்கு மறுவாழ்வு கிடைத்தது. ரயில்வேயின் பழைய சரக்கு நிலையம் ஒன்றுகூட இன்று கண்காட்சிக்கூடமும் காபிக் கடையுமாகிவிட்டது.

மதியம் 'பலே தே போஸார்'. 1892-ல் திறந்த நுண்கலை மாளிகை. ரூபன்ஸ் இருக்கிறார், ரோதன் இருக்கிறார். நேரம் குறைவென்றால் கோயாவின் இரண்டு ஓவியங்களுக்கு முன்னால் மட்டும் போய் நில்லுங்கள். ஒன்றில் கடிதம் படிக்கும் இளம்பெண். இன்னொன்றில் பட்டும் வைரமும் அணிந்து கண்ணாடி பார்க்கும் இரண்டு கிழவிகள். காலதேவன் துடைப்பத்தோடு பின்னால் நிற்கிறான். இந்தக் கிண்டலைப் புரிந்துகொள்ள மொழி வேண்டாம். கீழ்த்தளத்தில் மரத்தாலும் காகிதத்தாலும் செய்த கோட்டை நகரங்களின் பிரம்மாண்ட மாதிரிகள் இருக்கின்றன. பிரெஞ்சு அரசர்களின் படை, முற்றுகைகளைத் திட்டமிட வைத்திருந்தவை. குழந்தைகளை அங்கிருந்து கிளப்புவது கஷ்டம்.

பதினைந்தாம் லூயிக்கு முந்தைய லூயி, அதாவது சூரிய மன்னன், 1667-ல் ஸ்பெயினிடமிருந்து இந்த ஊரைப் பிடித்தான். பிடித்த கையோடு வோபான் என்ற பொறியாளரை வைத்து ஐந்து முனை நட்சத்திர வடிவில் ஒரு கோட்டையும் கட்டினான். கோட்டைக்குள் இப்போதும் ராணுவம். வெளியே சுற்றிலும் மரங்கள் அடர்ந்த பூங்கா. அதற்குக் காசு இல்லை.

அன்றைய மாலைக்கு மையச் சதுக்கம். ஷார்ல் தெ கோல் பிறந்த ஊர் என்பதால் அவர் பெயரே வைத்திருக்கிறார்கள். நடுவில் தூண்மேல் நிற்கும் பெண் சிலை, 1792-ல் ஆஸ்திரியப் படை குண்டு மழை பொழிந்தும் ஊர் பணியாததன் நினைவு. அவள் கையில் இருப்பது பூங்கொத்து அல்ல, பீரங்கிக்குத் தீ வைக்கும் கோல். ஒரு பக்கம் ஃபியூரே து நோர் என்ற பல மாடிப் புத்தகக் கடை. மழை பெய்தால், பெரும்பாலும் பெய்யும், உள்ளே புகுந்துகொள்ளலாம். இன்னொரு பக்கம் 1653-ல் முடிந்த பழைய வணிகர் மன்றம். ஒரே மாதிரியான இருபத்துநான்கு வீடுகள் ஒட்டி நின்று நடுவில் ஒரு முற்றத்தை அடைத்துக்கொண்டிருக்கின்றன. வெளிச்சுவரில் பழக்கொத்தும் சிங்கமுகமும் செதுக்கிக் கல்யாண வீட்டு அலங்காரம் போல ஜொலிக்கும். மதியத்துக்கு மேல் முற்றத்தின் தூண்களுக்கு நடுவே பழைய புத்தக வியாபாரிகள் மேசை போடுவார்கள். அட்டை கிழிந்த துப்பறியும் நாவல், மஞ்சளான அஞ்சலட்டை, முதல் உலகப் போர்க்கால வரைபடம். ஒரு மூலையில் சதுரங்கப் பலகைகள். ஆடுகிறவர்கள் இரண்டு பேர், யோசனை சொல்கிறவர்கள் ஐந்து பேர். அவசரக் காய் நகர்த்தினால் சுற்றி நிற்பவர்கள் உச்சுக்கொட்டுகிறார்கள். எவ்வளவு நேரம் நின்றாலும் யாரும் எதையும் வாங்கச் சொல்வதில்லை.

அங்கிருந்து பழைய லீல் சந்துகளுக்குள் நடந்தால் தெ லா த்ரெய் பேராலயம். 1854-ல் அடிக்கல் போட்டு, காசில்லாமல் இழுத்து, முகப்பை 1999-ல்தான் முடித்தார்கள். வெளியே நின்று பார்த்தால் சாம்பல் நிறத்தில் ஏதோ கிடங்குச் சுவர் மாதிரி இருக்கும். ஏமாற்றத்தோடு திரும்பிவிடாமல் உள்ளே போங்கள். அந்தச் சுவர் மெல்லிய பளிங்குப் பலகைகளால் ஆனது. வெயில் அடிக்கும்போது முழுச் சுவரும் உள்பக்கம் ஆரஞ்சும் ரோஜாவுமாகக் கனல்கிறது.

கந்தல் விற்ற கொண்டாட்டம்

செப்டம்பரின் முதல் சனி, ஞாயிறு 'பிராதரி'. ஐரோப்பாவின் மாபெரும் பழம்பொருள் சந்தை. இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கூடுகிறார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டிலிருந்தே இங்கே சந்தை கூடிவந்திருக்கிறது. பிற்காலத்தில் வேலைக்காரர்களுக்கு ஒரு சலுகை கிடைத்தது. எஜமானர் கழித்த துணிமணிகளை ஆண்டுக்கு ஒரு முறை, பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும் வரை விற்றுக்கொள்ளலாம். அந்த ஓர் இரவுதான் வளர்ந்து இன்றைய திருவிழாவானது. கிலோமீட்டர் கணக்கில் நடைபாதையெங்கும் கடை. உள்ளூர்க் குழந்தைகள்கூடத் தங்கள் பழைய பொம்மையைத் துண்டு விரித்து விற்கும். சிப்பியும் வறுவலும்தான் அந்த இரண்டு நாளைய தேசிய உணவு. தின்ற சிப்பி ஓடுகளை உணவகங்கள் வாசலில் குவித்து, யார் மேடு உயரம் என்று போட்டி போடுகின்றன. அந்த வார இறுதியில் அறை வாடகை மட்டும் எகிறிவிடும். பிரஸ்ஸல்ஸில் தங்கிக்கொண்டு வந்துபோவது புத்திசாலித்தனம்.

இந்தக் கொண்டாட்டத்தின் அடியில் கிடக்கும் வறுமையை மறைக்க வேண்டியதில்லை. 1851-ல் விக்தோர் ஹியூகோ லீலுக்கு வந்து, நெசவாளர் குடும்பங்கள் சூரியனைப் பார்க்காமல் வாழ்ந்த நிலவறைகளுக்குள் இறங்கிப் பார்த்தார். கண்டதை எழுதினார். 1888-ல் இங்கே வாழ்ந்த தொழிலாளி பியேர் தெ கெய்தர், யூஜின் போத்தியேவின் பாடல் ஒன்றுக்கு மெட்டுப் போட்டார். வின்யெத் தெருவில் ஒரு மதுக்கடையில் தொழிலாளர் பாடகர் குழு அதை முதன்முதலாகப் பாடியது. அதுதான் 'சர்வதேச கீதம்'. தமிழ்நாட்டுப் பொதுவுடைமைக் கட்சி மாநாடுகளில் தமிழில் ஒலிப்பதும் அதே மெட்டுதான்.

நமக்கு லீலோடு இன்னொரு உறவு, சட்டையைக் கழற்றினால் தெரியும். இடது தோளில் இருக்கும் அந்த வட்டத் தழும்பு, பி.சி.ஜி. தடுப்பூசி. ஆல்பர்ட் கால்மெத், கமில் கேரான் இருவரும் லீலின் பாஸ்டர் நிறுவனத்தில் 1908-ல் அதற்கான வேலையை ஆரம்பித்தார்கள். கிளிசரினும் மாட்டுப் பித்தநீரும் சேர்த்த உருளைக்கிழங்குத் துண்டில் மாட்டுக் காசநோய்க் கிருமியை வளர்த்து, சில வாரங்களுக்கு ஒரு முறை புதுத் துண்டுக்கு மாற்றி, பதின்மூன்று ஆண்டுகளில் 230 முறை அப்படிச் செய்து அதன் நஞ்சைத் தணித்தார்கள். நடுவில், முதல் உலகப் போரில், நான்கு ஆண்டுகள் ஊரே ஜெர்மன் ஆக்கிரமிப்பில் இருந்தது. அப்போதும் வேலை நிற்கவில்லை. முதல் குழந்தைக்கு 1921-ல் கொடுத்தார்கள். சென்னை கிண்டியில் பி.சி.ஜி. ஆய்வுக்கூடம் 1948-ல் வந்தது.

அதே போரில், 1915 மார்ச்சில், லீலுக்குத் தென்மேற்கே நவ் ஷாப்பெல் கிராமத்தில் நடந்த தாக்குதலில் பாதிப் படை இந்தியர்கள். உடல் கிடைக்காமல் போன 4,700-க்கும் மேற்பட்ட இந்தியப் படைவீரர்கள், தொழிலாளர்களின் பெயர்கள் அங்கே வட்டச் சுவரில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. 1927-ல் திறந்த நினைவகம், அனுமதி இலவசம். லா பாஸே வரை ரயிலில் போய், அங்கிருந்து சில கிலோமீட்டர் சைக்கிளிலோ டாக்சியிலோ போக வேண்டும்.

இரண்டு யூரோ பயணம்

ஊருக்குள் சுற்ற மெட்ரோ. 1983-லேயே ஓட்டுநர் இல்லாமல் ஓடத் தொடங்கிய ரயில் இது. கண்டுபிடித்தவர் லீல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரோபேர் கபியார். நெரிசல் நேரத்தில் நிமிடத்துக்கு ஒன்று வரும். ஒரு பயணத்துக்கு ஏறக்குறைய இரண்டு யூரோ. நாள் முழுதும் சுற்றுவதென்றால் தினச் சீட்டு எடுத்துவிடுங்கள்.

அந்தச் சீட்டிலேயே பக்கத்து ஊரான ரூபேவுக்கும் போய்விடலாம். ஆயிரம் புகைபோக்கிகளின் நகரம் என்று ஒரு காலத்தில் அழைக்கப்பட்ட கம்பளித் தொழில் நகரம். இன்று ஆலைகள் இல்லை. வேலையில்லாதவர்கள் அதிகம், சில தெருக்கள் களையிழந்து கிடக்கின்றன. ஆனாலும் அங்கே இருக்கும் 'லா பிஸீன்' என்ற அருங்காட்சியகத்துக்காகவே போகலாம். வீட்டில் குளியலறை இல்லாத தொழிலாளர்களுக்காக 1932-ல் சோஷலிச மேயர் கட்டிய நீச்சல்குளமும் குளியலறைகளும் அது. கூரை பலவீனமாகி 1985-ல் மூடினார்கள். 2001-ல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். நடுவில் ஒரு நீண்ட நீர்ப்பட்டையை விட்டுவைத்து, இரு கரையிலும் சிற்பங்களை நிறுத்தியிருக்கிறார்கள். இரு முனையிலும் உதயசூரியனும் அந்திச் சூரியனுமாக வண்ணக் கண்ணாடி. துணி மாற்றும் அறைகளில் பீங்கானும் நெசவு மாதிரிகளும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே திடீரென்று பிள்ளைகள் தண்ணீரில் குதித்துக் கூச்சலிடும் சத்தம் கேட்கும். ஒலிப்பதிவுதான், இருந்தாலும் எல்லோரும் ஒரு கணம் திரும்பிப் பார்ப்பார்கள். கோயாவைவிட எனக்கு இந்த இடம் ஒரு படி மேல்.

இன்னொரு நாள் இருந்தால் லான்ஸ் என்ற ஊருக்குப் போகலாம். நிலக்கரிச் சுரங்கம் இருந்த இடத்தில் 2012-ல் பாரிஸ் லூவ்ரின் கிளையைத் திறந்தார்கள். ஒரே நீண்ட மண்டபத்தில் ஐயாயிரம் ஆண்டுகள் காலவரிசைப்படி நிற்கும். இந்த நிரந்தரக் காட்சிக்குக் கட்டணம் கிடையாது. பாரிஸில் வரிசையில் நிற்கும் நேரத்தில் இங்கே முழுதும் பார்த்து முடித்துவிடலாம். அருகில் லூஸ் ஆன் கோவெல் ஊரில் சுரங்கக் கழிவைக் கொட்டிக் கொட்டி எழுந்த இரட்டைக் கருமலைகள் இருக்கின்றன. ஏறிப் பார்க்கக் காசு கேட்பதில்லை. காற்று மட்டும் தள்ளும்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. திங்கட்கிழமை லீலில் போய் இறங்காதீர்கள். லா பிஸீன் மூடியிருக்கும், பழைய புத்தகக்காரர்கள் வர மாட்டார்கள், சந்தை கூடாது, நுண்கலை மாளிகை மதியம் இரண்டுக்குத்தான் திறக்கும். செவ்வாயிலும் அந்த மாளிகைக்கும் லான்ஸ் லூவ்ருக்கும் விடுமுறை. சனிக்கிழமை மாலை வந்து திங்கள் காலை கிளம்புவது மாதிரி டிக்கெட் போடுங்கள். வேறு வழியே இல்லாமல் திங்கள்தான் வாய்த்தது என்றால், ஒரு கூம்பு வறுவலைத் தின்று முடித்துவிட்டு மெட்ரோவில் முன்வரிசை இருக்கையைப் பிடியுங்கள். ஓட்டுநர் அறை இல்லாததால் சுரங்கம் முழுதும் கண்ணாடிக்கு நேரே தெரியும். ஆனால் அந்த இருக்கைக்கு உள்ளூர்ப் பிள்ளைகளோடு போட்டி போட வேண்டியிருக்கும்.